ஐ20 என் லைன் மேனுவல்: விலை பேச உதவி வேண்டும். மார்கழிக்கு முன்பா, தை பிறந்தா?

நொய்யல்கரை | 8 டிசம்பர் 2024, இரவு 9:40

வணக்கம் நண்பர்களே, கோவையிலிருந்து எழுதுகிறேன். 2013இல் வாங்கிய டீசல் ஹேட்ச்பேக்கைப் பதினோரு வருடம் ஓட்டியாகிவிட்டது. இந்த முறை எனக்குப் பிடித்த வண்டியை எடுத்துக்கொள் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line), அதில் என்6 வகை, ஆறு கியர் மேனுவல் என்று முடிவு செய்திருக்கிறேன். டாடா ஆல்ட்ரோஸ் ரேசரையும் பார்க்க வேண்டும்.

நேற்று ஷோரூம் போனேன். டெஸ்ட் டிரைவுக்கு டிசிடி, அதாவது ஆட்டோமேட்டிக் கியர் வண்டிதான் இருந்தது. "என்ஜின் ஒண்ணுதாங்க சார், இதையே ஓட்டிப் பாருங்க" என்றார் விற்பனைத் தம்பி. அவிநாசி ரோட்டில் மேம்பால வேலை நடக்கும் இடமாகப் பார்த்து ஒரு மூன்று கிலோமீட்டர். நாற்பதைத் தாண்டவே முடியவில்லை. ஆனாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தவுடனே மனது அதிலேயே நின்றுவிட்டது.

கொடுத்த கொட்டேஷன் இது: எக்ஸ் ஷோரூம் 9,99,500. சாலை வரி 1,29,900. இன்சூரன்ஸ் 51,800. ஆக்சஸரீஸ் கிட் 21,500. எக்ஸ்டென்டட் வாரன்டி 16,000. ஹேண்ட்லிங் 7,500. பதிவுச் செலவு 2,500. ஃபாஸ்டேக் 600. ஆக ஆன் ரோடு 12,29,300. தள்ளுபடி எவ்வளவு என்று கேட்டால் "மேனேஜரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்கிறார்.

குழப்பம் எங்கே என்றால், ஜனவரி 1 முதல் 25,000 ரூபாய் வரை விலை ஏறும் என்று ஹூண்டாய் அறிவித்துவிட்டது. இன்றே புக் பண்ணுங்கள் என்று ஷோரூமிலிருந்து ஒரே போன். அம்மாவோ 16ஆம் தேதி மார்கழி பிறக்கிறது, அதற்குள் எடு, இல்லையென்றால் தை பிறக்கட்டும் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?


வால்பாறை40 | 8 டிசம்பர், இரவு 10:25

வாழ்த்துகள் நண்பரே. இதே வண்டி, என்8 மேனுவல், ஒரு வருடமாக வைத்திருக்கிறேன். விலையை அப்புறம் பார்ப்போம். நீங்கள் இன்னும் டெஸ்ட் டிரைவே செய்யவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்ஜின் ஒன்றுதான் என்பது சரி. 998 சிசி, மூன்று சிலிண்டர், 120 பிஎஸ் சக்தி, 172 என்எம் டார்க் (இழுவிசை). ஆனால் தினமும் உங்கள் இடது காலும் கையும் வேலை செய்யப்போவது கிளட்ச்சிலும் கியரிலும். 2021இல் இந்த வண்டி வந்தபோது கிளட்ச் பெடலே இல்லாத ஐஎம்டி கியர்பாக்ஸைத்தான் கொடுத்தார்கள். ஓட்டுவதில் ஆசை உள்ள எத்தனையோ பேர் அதனாலேயே திரும்பிப் போனார்கள். 2023 செப்டம்பரில்தான் முறையான ஆறு கியர் மேனுவல் வந்தது. நீங்கள் காத்திருந்ததே அதற்காகத்தான் என்றால் அதை ஓட்டாமல் எப்படிப் பணம் கட்டுவீர்கள்? உங்கள் ஊரில் மேனுவல் இல்லையென்றால் திருப்பூரிலோ ஈரோட்டிலோ எந்த ஷோரூமில் இருக்கிறது என்று கேளுங்கள். உறுதியாகக் கேட்டால் வரவழைத்தும் கொடுப்பார்கள்.

காலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள். வேறு யாரும் எடுப்பதற்கு முன், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஐடிலில் சீட்டிலும் கியர் நாப்பிலும் எவ்வளவு அதிர்வு வருகிறது என்று பாருங்கள். நான்கு சிலிண்டர் டீசலிலிருந்து வருகிறீர்கள், மூன்று சிலிண்டரின் அதிர்வு வேறு மாதிரி இருக்கும். கிளம்பும் முன் டயர் காற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். டெமோ வண்டியில் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும், அதை வைத்து சஸ்பென்ஷன் இரும்பு மாதிரி இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். கதவோரம் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் என்ன அளவோ அதற்குக் கொண்டுவந்து ஓட்டுங்கள்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டிய ஒரு இடம் வேகத்தடை. இரண்டாவது கியரில் மெதுவாக ஏறி இறங்கி, அதே கியரில் மிதியுங்கள். 1,500 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க் என்று காகிதத்தில் இருக்கும். காலுக்குத் தெரிவது அதற்குக் கொஞ்சம் மேலே போன பிறகுதான். அந்த ஒரு நொடித் தாமதம் உங்களுக்குச் சரிப்படுகிறதா, எரிச்சல் தருகிறதா? நகருக்குள் ஒரு நாளைக்கு நூறு முறை அதைச் சந்திப்பீர்கள். மூன்றாவது கியரில் 40லிருந்து 80 வரை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். லாரியை முந்தும்போது தேவைப்படுவது அதுதான். பூஜ்ஜியத்திலிருந்து நூறு எத்தனை நொடி என்ற கணக்கெல்லாம் நம் ரோட்டில் எதற்கு?

அவிநாசி ரோடு வேண்டாம். நீலாம்பூர் பக்கம் போகச் சொல்லுங்கள். குறைந்தது பத்து கிலோமீட்டராவது வேண்டும், அதில் கொஞ்சம் மோசமான ரோடும் இருக்கட்டும். அம்மாவையும் கூட்டிப் போய்ப் பின் சீட்டில் உட்கார வையுங்கள். முன்னால் இருப்பவருக்கு இறுக்கமாக, நன்றாகத் தெரியும் சஸ்பென்ஷன், பின்னால் இருப்பவர் இடுப்புக்கு வேறு மாதிரி தெரியும். நான் அதைச் செய்யாமல் விட்டேன். முதல் மாதம் வீட்டில் பேச்சு வாங்கினேன்.


திருச்சி_டர்போ | 8 டிசம்பர், இரவு 11:05

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இதை ஹாட் ஹேட்ச் (வேகத்துக்கென்றே செய்த சின்ன வண்டி) என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெளிநாட்டில் விற்ற ஐ20 என் என்பது 1.6 டர்போ, 204 பிஎஸ். என் லைன் அதன் உடையைப் போட்ட வண்டி. நம் நாட்டுக்கு உண்மையான ஹாட் ஹேட்ச் வந்தபோது நாமும் வாங்கவில்லையே. 2015இல் ஃபியட்டின் 145 பிஎஸ் அபார்த் புன்டோ பத்து லட்சத்துக்குள் வந்தது. 2016இல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ, 192 பிஎஸ், மூன்று கதவு, 25.99 லட்சம் என்று வந்தது. இரண்டும் போய்விட்டன. 2022இல் போலோவே நின்றது. எனக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.


வால்பாறை40 | 8 டிசம்பர், இரவு 11:20

அந்த வருத்தம் எனக்கும் உண்டு. என்னிடம் முன்பு இருந்தது போலோதான். ஆனால் இன்று 12 லட்சம் வைத்திருப்பவருக்கு மேனுவல் கியரோடு, நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்கோடு, உட்கார்ந்தால் முகத்தில் சிரிப்பு வரும் சின்ன வண்டி எத்தனை இருக்கிறது? ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே ஏறும்போது 120 பிஎஸ் குறைவு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.


வைகைக்கரை | 9 டிசம்பர், காலை 7:15

மதுரையிலிருந்து. ஆல்ட்ரோஸ் ரேசர் ஆர்1 வைத்திருக்கிறேன், ஆகஸ்டில் எடுத்தது. 1.2 டர்போ, இதிலும் 120 பிஎஸ்தான். கியர் மாற்றுவது ஐ20 அளவுக்கு வழுக்கிக்கொண்டு போகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதவைச் சாத்தும்போது வரும் கனமான சத்தமும் நெடுஞ்சாலையில் ஒட்டிக்கொண்டு போவதும் எனக்கு மிகவும் பிடித்துப்போயின. 2020இல் ஆல்ட்ரோஸ் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2022இல் இரண்டு ஏர்பேக் ஐ20 மூன்று வாங்கியது. இப்போதைய என் லைனில் ஆறு ஏர்பேக் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டுங்கள் அண்ணா. ஒரு வாரம் இடைவெளி விட்டால் முதலில் ஓட்டியது மறந்துவிடும்.


முன்னாள்_விற்பனை | 9 டிசம்பர், மதியம் 1:30

ஒன்பது வருடம் ஷோரூமில் வேலை பார்த்தவன் நான். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். அந்தத் தம்பி மேல் கோபப்படாதீர்கள், அவருக்கும் மாத டார்கெட் இருக்கிறது. ஆனால் கொட்டேஷனை ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம்.

எக்ஸ் ஷோரூமும் சாலை வரியும் யாரிடம் போனாலும் ஒன்றுதான். மீதி இருப்பதில்தான் பேரம். ஹேண்ட்லிங் 7,500 என்பதை எடுக்கச் சொல்லுங்கள். வண்டியை அவர்கள் யார்டிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவருவதற்கு நீங்கள் ஏன் தர வேண்டும்? எழுத்தில் விளக்கம் கேட்டால் போதும், பெரும்பாலும் அந்த வரி காணாமல் போய்விடும். ஆக்சஸரீஸ் கிட் கட்டாயம் என்பார்கள், கட்டாயம் இல்லை. மேட்டும் மட் ஃபிளாப்பும் மட்டும் கேளுங்கள். வாரன்டியை வைத்துக்கொள்ளுங்கள், டர்போ என்ஜினுக்கு அது வீண் செலவு இல்லை.

இன்சூரன்ஸில்தான் பெரிய தொகை. ஷோரூமுக்கு அதில் கமிஷன் உண்டு. வெளியே வாங்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. புதுக் காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி கட்டாயம். 1,000 சிசிக்குள் என்பதால் அது 6,521 ரூபாய், ஜிஎஸ்டி தனி. எந்தக் கம்பெனியிலும் அதே தொகைதான். ஐ20 998 சிசி, அதனால் இந்தக் கணக்கு. ரேசர் 1,199 சிசி, அதற்கு 10,640. மீதியெல்லாம் ஓன் டேமேஜும் (நம் வண்டிச் சேதத்துக்கானது) ஜீரோ டெப்பும்தான் (கிளெய்மில் தேய்மானம் கழிக்காமல் தருவது), அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே ஐடிவி (காப்பீட்டில் போடும் வண்டி மதிப்பு), ஒரே ஆட் ஆன் போட்டு மூன்று இடத்தில் கேளுங்கள்.

அப்புறம் பழைய வண்டி. கடைசி ஐந்து வருடத்தில் கிளெய்ம் எதுவும் போடவில்லையா? அப்படியானால் உங்களுக்கு 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் இருக்கிறது. அது உங்களுக்குச் சேர வேண்டியது, வண்டியோடு போகாது. பழைய வண்டியை விற்றதும் விற்பனை ஆதாரத்தைக் கொடுத்து இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அந்த போனஸுக்கான ரிடென்ஷன் லெட்டர் வாங்கிவிடுங்கள். புது வண்டியின் ஓன் டேமேஜ் பிரீமியம் பாதியாகும். ஷோரூமில் யாரும் இதை உங்களுக்குத் தானாகச் சொல்ல மாட்டார்கள். நானே சொன்னதில்லை, அது இப்போதும் உறுத்துகிறது.

மார்கழி பற்றி: பயப்படாதீர்கள். தமிழ்நாட்டில் ஷோரூம்கள் ஈயடிக்கும் மாதம் அது. ஆனால் கம்பெனிக்கு மார்கழி தெரியாது, டிசம்பர் கணக்குத்தான் தெரியும். வருடக் கடைசி ஸ்டாக்கைத் தள்ள வேண்டும், வாங்க ஆள் இல்லை. 20ஆம் தேதிக்கு மேல் போய் உட்கார்ந்தால் மேனேஜரே டீ சொல்லுவார்.


திருச்சி_டர்போ | 9 டிசம்பர், மாலை 6:10

பொதுவாக எல்லோரும் சொல்வது ஜனவரியில் எடு, ஆர்சியில் 2025 என்று வரும், விற்கும்போது ஒரு வருடம் லாபம் என்று. 25,000 ஏறினாலும் அது சரிதானே?


தாம்பரம்_செல்வி | 9 டிசம்பர், இரவு 8:45

இந்த வண்டிக்கு அது சரி வராது. நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள், அதனால் இது கண்ணில் பட்டுவிட்டது.

2023 நவம்பரில் நம் மாநிலத்தில் சாலை வரி மாறியது. ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 13 சதவீதம். பத்தைத் தாண்டினால் 18. தாண்டும் தொகைக்கு மட்டும் 18 என்று நினைத்துவிடாதீர்கள், முழு விலைக்கும் 18. இப்போது உங்கள் என்6 விலை 9,99,500. கோட்டுக்கு ஐந்நூறு ரூபாய் இந்தப் பக்கம் நிற்கிறது! வரி 1,29,900 சொச்சம். ஜனவரியில் பத்தாயிரம் ஏறியது என்று வைத்துக்கொள்வோம், 10,09,500. வரி 1,81,700. ஏறிய பத்தாயிரத்தோடு வரியில் மட்டும் கிட்டத்தட்ட 52,000 கூடும். பத்து லட்சத்துக்கு மேல் போனால் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) ஒரு சதவீதமும் வாங்குவார்கள். அது வருமான வரியில் திரும்ப வரும், ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து போகும்.

இந்த வண்டிக்கு எவ்வளவு ஏறும் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை, "25,000 வரை" என்றுதான் அறிவிப்பு. ஆயிரம் ரூபாய் ஏறினாலே கோட்டைத் தாண்டிவிடும் என்பதுதான் என் கவலை. ரேசரிலும் இதே கதை. ஆர்1 9.49 லட்சம், ஆர்2 10.49 லட்சம். வித்தியாசம் ஒரு லட்சம் என்று நினைப்போம், வரியில் இன்னொரு 65,000 ஒளிந்திருக்கிறது.

பழைய வண்டியைப் பதினோரு வருடம் வைத்திருந்தவர் நீங்கள். இதையும் அப்படித்தான் வைத்திருப்பீர்கள். பத்து வருடம் கழித்து 2024க்கும் 2025க்கும் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது? டிசம்பரிலேயே இன்வாய்ஸும் பதிவும் முடியட்டும். "இப்போது புக்கிங், ஜனவரியில் பில், பழைய விலையே தருகிறோம்" என்று வாயால் சொன்னால் நம்ப வேண்டாம்.


நொய்யல்கரை | 14 டிசம்பர், இரவு 9:15

செல்வி அக்கா, உங்கள் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

இன்று காலை இரண்டு வண்டியையும் ஓட்டிவிட்டேன். மேனுவல் டெமோ திருப்பூரில் இருந்தது. முதலில் ரேசர். பின் சீட்டில் அம்மா. "இது நல்லா உட்கார்ந்த மாதிரி இருக்குது" என்றார். எனக்கும் அதன் கனம் பிடித்தது. ஆனால் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மாற்றும்போது ஒவ்வொரு முறையும் கை கொஞ்சம் யோசித்தது.

பிறகு என் லைன். காற்று 42 வைத்திருந்தார்கள்! 33க்கு இறக்கினோம். வேகத்தடையில் வால்பாறை40 சொன்ன தாமதம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது முறை இறங்கும்போதே கை தானாக முதல் கியருக்குப் போய்விட்டது, அதன்பின் தொந்தரவாகத் தெரியவில்லை. மூன்றாவது கியரில் 40லிருந்து இழுத்தபோது எக்ஸாஸ்ட் சத்தம் கேட்டு அம்மா "என்னடா சத்தம்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே ஓட்டினேன். கிளட்ச் என் பழைய வண்டியில் பாதி கனம்கூட இல்லை. ஒன்று மட்டும் உண்மை, பள்ளத்தில் பின் சீட் குலுக்குகிறது. அம்மா அதைச் சொல்லிவிட்டு, "நீதானே தினமும் ஓட்டப்போறே, உனக்குப் பிடிச்சதை எடு" என்றார்.

என் லைன்தான். மார்கழிக் கதை மட்டும் பாக்கி. டிசம்பரில் பதிவு செய்து, வண்டியை அவர்கள் யார்டிலேயே விட்டுவைத்து, தை முதல் நாள் எடுக்கலாமா என்று அப்பா கேட்கிறார்.


தாம்பரம்_செல்வி | 14 டிசம்பர், இரவு 9:50

வேண்டாம் தம்பி. பதிவு முடிந்தால் வண்டி உங்களுடையது, இன்சூரன்ஸ் ஓட ஆரம்பித்துவிடும். இரண்டு வாரம் வெயிலில் யார் யாரோ நகர்த்தும் யார்டில் ஏன் நிற்க வேண்டும்? ஒரு கீறல் விழுந்தால் யார் பொறுப்பு என்று அலைய வேண்டியிருக்கும்.


முன்னாள்_விற்பனை | 15 டிசம்பர், காலை 8:00

அக்கா சொல்வதே என் கருத்தும். இன்னொன்று, பதிவுக்கு முன்பே வண்டியைப் பாருங்கள், பதிவு ஆன பிறகு பார்த்துப் பயன் இல்லை. சேஸிஸ் நம்பரை வாங்கி, பகல் வெளிச்சத்தில் யார்டுக்கே போங்கள். ஒடோமீட்டர், நான்கு டயரும் தயாரான வாரம், கண்ணாடி எல்லாவற்றிலும் ஒரே வருடக் குறியீடு, பானெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனைச் சான்றிதழான படிவம் 21இல் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். நவம்பர், டிசம்பர் வண்டியாகக் கேளுங்கள். பிப்ரவரி வண்டியை டிசம்பரில் தந்தால் அதற்கேற்பத் தள்ளுபடியும் கூட வேண்டும்.


நொய்யல்கரை | 23 டிசம்பர், இரவு 10:30

முடிந்தது நண்பர்களே! உட்கார்ந்தது மூன்று மணி நேரம்.

கையில் ஒரு காகிதம் மட்டும் கொண்டுபோனேன். அதில் ஒவ்வொரு வரியும், அதற்கு எதிரே நான் தரத் தயாரான தொகையும். ஹேண்ட்லிங்குக்கு எழுத்தில் விளக்கம் கேட்டேன், எடுத்துவிட்டார்கள். ஆக்சஸரீஸ் 4,500க்கு இறங்கியது. இன்சூரன்ஸ் வெளியே எடுப்பேன் என்றதும் தள்ளுபடி தர முடியாது என்றார் மேனேஜர். எழுந்து நின்றேன். உண்மையிலேயே போய்விடத்தான் நினைத்தேன், திருப்பூர்க்காரர் 15,000 தள்ளுபடி எழுதிக் கொடுத்திருந்தார். வாசல்வரை போனபோது கூப்பிட்டு 25,000 என்றார்கள்.

பழைய வண்டிக்கு எக்ஸ்சேஞ்சில் 1.60 லட்சமும் போனஸ் 10,000மும் சொன்னார்கள். வெளியே 2.10க்குக் கொடுத்தேன். வாங்கியவர் எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவர், தினமும் பார்க்கலாம். நோ கிளெய்ம் லெட்டர் நான்கு நாளில் வந்தது. அதைப் போட்டு ஜீரோ டெப்போடு இன்சூரன்ஸ் 31,200. வாரன்டி, பதிவு, ஃபாஸ்டேக் அப்படியே. மொத்தம் 11,59,200. முதல் கொட்டேஷனைவிட 70,100 குறைவு. முன்னாள்_விற்பனை அண்ணா, நீங்கள் எழுதியதைப் பிரிண்ட் எடுத்துத்தான் கொண்டுபோனேன். அன்று சொல்லாமல் விட்டது உறுத்துகிறது என்றீர்கள், இன்று எங்களுக்குச் சொல்லிவிட்டீர்கள்.

வண்டி நவம்பர் தயாரிப்பு. யார்டில் பார்த்தேன், ஒடோமீட்டரில் 9 கிலோமீட்டர்.


வைகைக்கரை | 24 டிசம்பர், காலை 6:50

மகிழ்ச்சி அண்ணா. அம்மா சம்மதித்தார்களா? எப்போது டெலிவரி?


நொய்யல்கரை | 30 டிசம்பர், மாலை 5:20

இன்று காலை எடுத்தோம். அம்மாவேதான் நாள் சொன்னார். மார்கழி சாமிக்கு உகந்த மாதம், அனுமன் ஜெயந்தியன்று எடுத்தால் தப்பே இல்லை என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். ஷோரூமில் எங்களைத் தவிர ஒரே ஒரு குடும்பம். கோவிலில் வடை மாலை சாத்திவிட்டு, சக்கரத்தில் எலுமிச்சை வைத்து ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தோம். வழியில் ஒரு பள்ளத்தில் மெதுவாகவே இறக்கினேன். பின்னாலிருந்து சத்தம் வரவில்லை, திரும்பிப் பார்த்தால் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.


வால்பாறை40 | 30 டிசம்பர், மாலை 6:05

முதல் ஆயிரம் கிலோமீட்டர் 4,000 ஆர்பிஎம் தாண்ட வேண்டாம். அது முடிந்ததும் சொல்லுங்கள், ஆழியாறு செக்போஸ்ட்டில் காத்திருக்கிறேன்.